சிரியாக்காரருக்கு ஹாட்ரியன் சுவர் பக்கம் என்ன வேலை?

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரை ஊரான சௌத் ஷீல்ட்ஸில் 1878-ல் ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. பிரம்பு நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் கம்பளி நூல் கூடை. முகம் மட்டும் சிதைந்துபோயிருக்கிறது.

பெயர் ரெஜினா. தெற்கே இருந்த கட்டுவெல்லௌனி இனத்துப் பெண். இறந்தபோது வயது 30. அடிமையாக இருந்தவளை விடுவித்து மனைவியாக்கிக்கொண்ட பராத்தேஸ்தான் கல்லை வைத்தவர். அவருக்கு ஊர், சிரியாவின் பாலைவன நகரமான பல்மைரா! லத்தீன் வரிகளில் இலக்கணம் தடுமாறுகிறது. அதற்குக் கீழே அவருடைய தாய்மொழியில் ஒரே ஒரு வரி. அதன் கடைசிச் சொல், ‘ஐயோ’.

பராத்தேஸ் வியாபாரியா, படைவீரரா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்த எல்லையில் வெளியூர்ப் படைவீரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ரைன் கழிமுகத்து பட்டேவியர், சிரியாவின் ஹமா நகர வில்லாளிகள், 175-ல் மார்க்கஸ் ஆரேலியஸ் அனுப்பிவைத்த 5,500 சர்மேஷியக் குதிரை வீரர்கள் எனப் பட்டியல் நீளும்.

ஏன் இப்படி? ரோம் தான் வென்ற மக்களிடமிருந்தே துணைப்படைகளைத் திரட்டியது. பல படைகளைச் சொந்த மண்ணிலிருந்து வெகுதூரம் அனுப்பியது. 25 வருஷம் வேலை பார்த்தால் குடியுரிமை. அதற்கு அத்தாட்சியாக வெண்கலத் தகடு.

சரி, கல்யாணம்? பணியில் இருக்கும்வரை பண்ணிக்கக் கூடாது என்பது சட்டம். அதை யார் கேட்டார்கள்? கோட்டை வாசலுக்கு வெளியே கடை, வீடு, குழந்தை குட்டி என்று ஊரே முளைத்தது. அரசும் கண்டும் காணாமல் இருந்தது. ஓய்வு பெறும்போது, கூட வாழ்ந்த பெண்ணை முறைப்படி மனைவியாக ஏற்க அந்தத் தகடே அனுமதி தந்தது. பிள்ளைகளுக்கும் குடியுரிமை கிடைத்தது.

இங்கேதான் சிக்கல். சுமார் 140-ல், பணிக்காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கான அந்தச் சலுகையை அரசு நிறுத்திவிட்டது. அப்பா குடிமகன், மகன் இல்லை! குடியுரிமை வேண்டுமென்றால் மகனும் படையில் சேர்ந்து 25 வருஷம் கழிக்க வேண்டும். படைக்கு ஆள் கிடைத்த மாதிரியும் ஆச்சு.

திருமணத் தடையை செப்டிமியஸ் செவெரஸ் 197-ல் தளர்த்தினார். 212-ல் அவர் மகன் கரகல்லா, பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தார். அதற்குள் பல படைகளில் பெயர் மட்டும்தான் வெளிநாட்டுப் பெயர். உள்ளே இருந்தவர்களில் நிறையப் பேர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்.