நாயர் பெண்ணாக நடித்ததால் ஊரை விட்டு விரட்டினர்: நாகர்கோவிலில் பெயரை மறைத்து வாழ்ந்த முதல் மலையாள நடிகை

நாகர்கோவில்: அவர் நடித்தது ஒரே ஒரு படம். அதையும் அவர் பார்க்க விடவில்லை. படம் திரைக்கு வந்ததும் கல்லால் அடித்தார்கள், வீட்டுக்குத் தீ வைத்தார்கள். உயிர் தப்பினால் போதும் என்று லாரி ஏறி நாகர்கோவில் பக்கம் வந்து, நடிகை என்பதையே மறைத்து வாழ்ந்து முடித்தார்.

அவர்தான் மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி பி.கே.ரோசி. என்ன பாவம் செய்தார் அவர்? பிறந்தது தாழ்த்தப்பட்ட புலையர் சமூகத்தில். திரையில் வந்தது நாயர் வீட்டுப் பெண்ணாக. அவ்வளவுதான்.

புல் அறுத்த கை

ரோசி பிறந்தது 1903ல், திருவனந்தபுரம் நந்தன்கோடு பகுதியில். இயற்பெயர் ராஜம்மா. ஏழைக் குடும்பம். புல் அறுத்து விற்றுப் பிழைப்பு. ஆனாலும் நடிப்பு என்றால் உயிர். தமிழும் மலையாளமும் கலந்து நடக்கும் காக்கரிசி நாடகங்களில் நடித்து வந்தார்.

அந்தச் சமயத்தில் சினிமா எடுக்கக் கிளம்பினார் ஜே.சி.டேனியல். இன்றைய குமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்துக்காரர். நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' கம்பெனியைத் தொடங்கினார். படத்தின் பெயர் 'விகதகுமாரன்'. தொலைந்துபோன பிள்ளை என்று அர்த்தம். பணக்கார வீட்டுப் பையனை இலங்கைக்குக் கடத்திக்கொண்டு போகும் கதை. டேனியலே இயக்குநர், அவரே ஹீரோ.

ஹீரோயின் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் சினிமாவில் நடிப்பது கேவலம் என்று நினைத்தார்கள். 1913ல் வந்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் ராணி வேஷத்தையே ஒரு ஆண்தான் போட்டார். டேனியல் பம்பாயில் பேசி வைத்த நடிகையும் சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் நாடக மேடையில் இருந்த ரோசி கண்ணில் பட்டார்.

சரோஜினி என்ற நாயர் பெண் வேஷம். பேச்சே இல்லாத ஊமைப்படம் என்பதால் முகத்தாலும் கண்ணாலுமே எல்லாவற்றையும் காட்ட வேண்டும். காலையில் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவந்து, சாயங்காலம் கூலி வேலை முடிந்ததுபோல வீடு திரும்புவாராம் ரோசி. ஒரு நாளைக்கு 5 ரூபாய் சம்பளம் என்று சொல்கிறார்கள்.

தியேட்டரில் கல்வீச்சு

திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் படம் வெளியானது. 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கருத்து உண்டு. தொடங்கி வைத்தவர் பிரபல வக்கீல் மள்ளூர் கோவிந்த பிள்ளை. ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் வந்தார்கள். கதாநாயகிக்கு மட்டும் அழைப்பு இல்லை. அவருக்குச் சமமாக உட்கார மாட்டோம் என்று மேல்ஜாதியினர் அடம் பிடித்ததே காரணம்.

படத்தில் ரோசியின் தலையில் இருக்கும் பூவை ஹீரோ முத்தமிடுகிற மாதிரி ஒரு காட்சி. அதைப் பார்த்ததும் கூட்டம் கொதித்தது. திரையை நோக்கிப் பறந்தன கற்கள். புலையர் பெண் நாயர் பெண்ணாக வருவதா என்று கூச்சல் போட்டார்கள்.

தாழ்த்தப்பட்டவர்கள் கோவிலுக்குள் நுழையவே திருவிதாங்கூரில் 1936ல்தான் உத்தரவு வந்தது. அதற்கும் முன்னாடி நடந்தது இது. ஜாதி எப்படி ஆட்டிப்படைத்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபம் தியேட்டரோடு நிற்கவில்லை. ரோசியின் வீடு எரிக்கப்பட்டது. இரவோடு இரவாகத் தப்பிய அவர், ரோட்டில் வந்த லாரியில் ஏறித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டார். அந்த லாரி டிரைவரையே கல்யாணம் செய்துகொண்டதாகக் கூறப்படுகிறது. ராஜம்மாள் என்ற பெயரில் குடும்பம் நடத்தினார். அம்மா சினிமா நடிகை என்ற விவரம் பிள்ளைகளுக்கே சரியாகத் தெரியாதாம்.

டேனியலும் தப்பவில்லை

படம் தோல்வி. டேனியல் சொத்தையெல்லாம் இழந்தார். பல் டாக்டராகப் பிழைத்து, 1975ல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தார். இறந்த பிறகுதான் மரியாதை தேடி வந்தது. 1992 முதல் அவர் பெயரில் கேரள அரசு விருது கொடுக்கிறது.

ரோசிக்கு இன்னும் தாமதம். 2013ல் வந்த 'செல்லுலாய்டு' மலையாளப் படம்தான் இவர்கள் கதையை ஊரறியச் செய்தது. 2023 பிப்ரவரி 10ந் தேதி, ரோசியின் 120வது பிறந்த நாளில், கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து போட்டது.

ஆனால் 'விகதகுமாரன்' படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தக் கால பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், பத்திரமாக வைக்காவிட்டால் மக்கிப்போகும். அன்று தியேட்டரில் கல்லெறிந்தவர்கள் ரோசியின் நடிப்பைப் பார்த்தார்கள். ரோசி பார்க்கவில்லை. இனி நாமும் பார்க்க முடியாது.