கதை குடியேறிய ஊர்கள் – 9: பக்கத்தைப் புரட்டுவது யார்?

போன வாரம் கோபன்ஹேகன் நகரத்து டிவோலிப் பூங்காவில் பறக்கும் பெட்டிக்குள் உட்கார்ந்து ஆண்டர்சன் கதைகளைச் சுற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அட்லாண்டிக் கடலைத் தாண்டப்போகிறோம். பூங்காவுக்குள் நுழையும் முன் ஒரு புயலைப் பார்த்துவிடுவோம்.

1992 ஆகஸ்ட் 24. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துத் தென்கோடியில், ஆண்ட்ரூ என்று பெயர் வைக்கப்பட்ட சூறாவளி விடிவதற்குள் கரையைக் கடந்தது. வீடுகள் ஆயிரக்கணக்கில் நொறுங்கின. பனை இனத்து மரங்களில் முறிந்தவை முறிந்தன. வேர் பாதி பிடுங்கிச் சாய்ந்தவை உயிரோடு கிடந்தன. மரம் சாய்ந்தாலும் வெயில் மேலேதானே இருக்கிறது? அடிமரம் படுத்துக்கிடக்க, குருத்து மட்டும் நிமிர்ந்து வளர ஆரம்பித்தது. சில வருடங்களில் அவை தூக்கிய தும்பிக்கை மாதிரி வளைந்து நின்றன. தோட்டம் போடுகிற யாரும் காசு கொடுத்து வாங்காத மரங்கள். ஆனால் ஆர்லாண்டோவில் ஒரு தீம் பார்க் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மரங்கள்தான் வேண்டியிருந்தன. நேராக வளர்ந்த மரம் ஒன்றுகூட அவர்களுக்கு உதவாது.

காரணம், அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது டாக்டர் சூஸின் உலகம்.

யூனிவர்சல் நிறுவனத்தின் 'ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்' பூங்கா 1999 மே 28-ஆம் தேதி திறக்கப்பட்டது. நடுவில் ஒரு ஏரி, அதைச் சுற்றித் 'தீவுகள்'. ஒன்றில் டைனோசர்கள், இன்னொன்றில் மார்வெல் சாகசக்காரர்கள். அவற்றுக்கிடையே சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய தீவுதான் 'சூஸ் லேண்டிங்'. ஒரே எழுத்தாளரின் படப்புத்தகங்களை மட்டும் வைத்து எழுப்பிய பகுதி.

டாக்டர் சூஸ் என்பது புனைபெயர். இயற்பெயர் தியடோர் கைசல். 1904-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தார். அப்பா அந்த ஊர்ப் பூங்காக்களுக்கு மேற்பார்வையாளர். மிருகக்காட்சிசாலையும் அந்தப் பொறுப்பில் அடங்கும். மிருகங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்த பையனுக்கு, பெரியவனான பிறகு வரைந்த வீடும் பாலமும் மேசையும்கூட மிருகம் மாதிரியே அமைந்தன. அவர் போட்ட கதவு தொய்ந்திருக்கும். புகைபோக்கி கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். சாலை மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறும்.

வரைவதில் இவ்வளவு தாராளம் காட்டியவர், சொற்களில் கடும் சிக்கனம் பிடித்தார். பள்ளிகளில் புழங்கிய ஆரம்ப வாசிப்புப் புத்தகங்கள் உப்புச்சப்பில்லாமல் இருப்பதால்தான் பிள்ளைகள் படிக்கத் தயங்குகிறார்கள் என்று 1954-இல் ஜான் ஹெர்சி என்ற எழுத்தாளர் 'லைஃப்' இதழில் எழுதினார். அதன் தொடர்ச்சியாக ஒரு பதிப்பாளர் கொடுத்த சவாலில் பிறந்தது 1957-இல் வந்த 'தி கேட் இன் தி ஹேட்'. மொத்தப் புத்தகத்திலும் வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே. அடுத்து, ஐம்பதே சொற்களில் ஒரு புத்தகம் எழுத முடியுமா என்று இன்னொரு பதிப்பாளர் பந்தயம் கட்டினார். 1960-இல் 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' வந்தது. எண்ணிப் பார்த்தால் சரியாக ஐம்பது.

கைசல் 1991-இல் காலமானார். உரிமைகள் மனைவி ஆட்ரி கைசல் கைக்கு வந்தன. பூங்கா வடிவமைப்பாளர்கள் வேலையைத் தொடங்கியபோது அவர்கள் முன்னால் இருந்தது ஒரே விதி: சூஸ் நேர்கோடு போட்டதில்லை, நாமும் போடக் கூடாது.

சொல்வது சுலபம். கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இருப்பதே கோடு நேராக வரத்தானே? எஃகுச் சட்டம் நேராக நின்றால்தான் கூரை நிற்கும். ஆகவே உள்ளே சட்டத்தை நேராக நிறுத்தி, வெளியே தெர்மாகோல் போன்ற நுரைப் பாளங்களைச் செதுக்கி ஒட்டி, மேலே கெட்டிப் பூச்சுப் பூசி, வண்ணம் தீட்டினார்கள். நாம் பார்க்கிற கோணல், ஒழுங்கான எலும்புக்கூட்டின் மேல் போர்த்திய தோல்.

நாட்டுச் சட்டத்தையும் கோணலாக்க முடியாது. புத்தகத்துப் படிக்கட்டில் ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது விரல் உயரம் என்று சூஸ் வரைந்துவிடலாம். பொதுக் கட்டடத்தில் படிகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி ஏறும் சரிவு, ஓர் அடி உயர 12 அடியாவது நீள வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. காலும் கையும் படுகிற இடத்தில் விதி ஆண்டது. கண் மட்டும் போகிற இடம் சூஸுக்குக் கிடைத்தது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நேராக நிற்பது எது என்று தேடினார்கள். மரம்! அங்கேதான் ஆண்ட்ரூ புயல் கைகொடுத்தது.

இவ்வளவும் தோற்றத்தின் கதை. தோற்றத்தைக் காசும் உழைப்பும் கொண்டுவந்துவிடும். அதற்கப்பால் இன்னொரு கேள்வி இருக்கிறது.

குழந்தையை மடியில் வைத்துப் படப்புத்தகம் வாசித்துக் காட்டியவர்களுக்குத் தெரியும்: வாசிப்பவர் நாமென்றாலும் புத்தகத்தை நடத்துவது குழந்தை. பிடித்த பக்கத்தை விரலால் அழுத்திக்கொள்ளும். பிடிக்காததை இரண்டாகச் சேர்த்துப் புரட்டும். முடிந்ததும் "மறுபடியும்" என்று முதல் பக்கத்துக்கு இழுத்துப்போகும். வீட்டில் அது சொன்னால் நடக்கிற காரியங்கள் குறைவு. அவற்றில் பக்கம் புரட்டுவதும் ஒன்று. புத்தகத்தை ஊராகக் கட்டும்போது அந்த உரிமை எங்கே போகிறது?

பெரும்பாலும் அது மோட்டாரின் கைக்குப் போகிறது. 'தி கேட் இன் தி ஹேட்' சவாரியை எடுத்துக்கொள்வோம். மழைநாளில் இரண்டு பிள்ளைகள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க, தொப்பி போட்ட பூனை வந்து வீட்டைத் தலைகீழாக்குகிற கதை. பூங்காவில் நாம் ஏறுகிற வண்டி ஒரு சோபா. அருமையான யோசனை: ஏறி உட்கார்ந்ததுமே நாமும் அந்த வீட்டுப் பிள்ளைகளாகிவிடுகிறோம். சோபா ஆடியும் திரும்பியும் காட்சிக்குக் காட்சி ஓடுகிறது. ஆனால் எந்தக் காட்சியிலும் நில்லாது.

நில்லாமல் ஓடுவதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. உதாரணத்துக்கு ஆறு பேர் உட்காரும் வண்டி 12 விநாடிக்கு ஒன்றாகப் புறப்படுகிறது என்று வைப்போம். நிமிடத்துக்கு 30 பேர், மணிக்கு 1,800 பேர். ஒரு குழந்தை மீன் தொட்டியை இன்னும் ஒரு நிமிடம் பார்க்க ஆசைப்பட்டால், வெயிலில் வரிசையில் நிற்கும் 30 பேர் அதற்கு விலை கொடுக்க வேண்டும். தீம் பார்க் முதலாளிக்குத் தூக்கம் கெடுவது இந்தக் கணக்கால்தான்.

இங்கிலாந்தில் இந்தக் கணக்கையும் கதையையும் ஒரே ஓடையில் ஓடவிட்டவர்கள் உண்டு. லண்டனை ஒட்டிய செஸ்ஸிங்டன் பூங்காவில் 1990 முதல் 'பபுள்வொர்க்ஸ்' என்ற படகுச் சவாரி ஓடியது. 2016-இல் அதை மூடி, கால்வாயை இடிக்காமல், அடுத்த ஆண்டே அதே நீர்வழியில் 'கிரஃபலோ' கதையை ஏற்றினார்கள். ஜூலியா டொனால்ட்சன் எழுத, ஆக்சல் ஷெஃப்லர் படம் போட்டு 1999-இல் வந்த புத்தகம் அது. ஒரு சுண்டெலி காட்டுக்குள் நடந்துபோகிறது. நரி, ஆந்தை, பாம்பு என்று ஒவ்வொன்றாக எதிர்ப்படுகின்றன. இல்லாத ஒரு பூதத்தின் பெயரைச் சொல்லி எலி தப்பிக்கிறது. கடைசியில் அந்தப் பூதமே வந்து நிற்கிறது. கதையே ஒரு பாதை. எலி போகிற வழியில் படகும் போனால் போதும். பழைய கால்வாய் மிச்சம், கதைக்கும் சேதமில்லை. எந்தப் புத்தகத்தை எந்த வண்டியில் ஏற்றலாம் என்று தெரிந்துகொள்வதே இந்தத் தொழிலில் பாதி.

மோட்டாரே வேண்டாம் என்று முடிவெடுத்த ஊரும் உண்டு. ஸ்வீடனின் விம்மர்பி, 'பிப்பி லாங்ஸ்டாக்கிங்' எழுதிய ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் பிறந்த ஊர். 1981-இல் அந்த ஊர்க்காரர்கள் மூன்று குடும்பமாகச் சேர்ந்து, அவருடைய இன்னொரு கதைநாயகன் எமிலின் பண்ணை வீட்டை மூன்றில் ஒரு பங்கு அளவில் கட்டினார்கள். கதவு பிள்ளைகளின் உயரத்துக்கு. பெரியவர்கள் குனிய வேண்டியதுதான். அந்தச் சிறு முயற்சி வளர்ந்து 'ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் உலகம்' ஆனது. 2010 முதல் அது லிண்ட்கிரென் குடும்பத்து நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது.

அங்கே ரோலர் கோஸ்டர் கிடையாது, ராட்டினம் கிடையாது. கதையின் வீடுகள் இருக்கின்றன. நடிகர்கள் பிப்பியாகவும் எமிலாகவும் வந்து திறந்தவெளியில் நாடகம் போடுகிறார்கள். நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் அந்த வீட்டுக்குள் நுழைந்துவிடலாம். குறும்பு செய்யும்போதெல்லாம் அப்பா எமிலை அடைத்துவைக்கும் மரக்கொட்டகைக்குள் போய் உட்காரலாம். பிடித்த இடத்தில் நிற்கலாம், திரும்பி வரலாம். பக்கம் புரட்டுவது இங்கே பிள்ளைதான்.

இதற்கும் விலை உண்டு. நடிகரை இரவில் சுவிட்சை அணைத்துவிட்டுப் போக முடியாது. வடக்கு நாட்டுக் குளிரில் திறந்தவெளி நாடகம் நடக்காது. ஆகவே முழு வீச்சில் இயங்குவது கோடைக்காலத்தில்தான். ஃப்ளோரிடாவின் மோட்டார்கள் வருடம் முழுவதும் ஓடும்.

அப்படியானால் ஸ்வீடன் நல்லது, ஆர்லாண்டோ கெட்டது என்று தீர்ப்பெழுதிவிடலாமா? சூஸ் லேண்டிங்கில் அண்ணாந்து பார்த்தால் எழுதத் தோன்றாது. தலைக்கு மேல் ஒரு தண்டவாளம் போகிறது. 'தி ஸ்னீச்சஸ்' கதையில் வரும் தந்திரக்கார வியாபாரி மக்பீன் பெயரில் ஒரு சவாரிக்காகப் போட்டது. வேகத்தைப் பயணியே கூட்டிக் குறைக்கலாம் என்பதுதான் முதல் திட்டம். அந்தச் சவாரி பொதுமக்களுக்குத் திறக்கப்படவே இல்லை. பூங்கா திறந்து ஏழு வருடம் கழித்து, 2006-இல், அதே உயரத்தில் சீரான வேகத்தில் போகும் டிராலி ரயில் வந்தது. பிள்ளையின் கையில் வேகத்தைக் கொடுக்க ஆசைப்பட்டிருக்கிறார்கள், முடியவில்லை.

கான்கிரீட்டில் கதை எழுதுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சூஸின் ஆறு புத்தகங்களில் சில இன மக்களைச் சித்திரித்த விதம் புண்படுத்துவதாக இருக்கிறது என்று சொல்லி, 2021 மார்ச்சில் அவற்றின் பதிப்பை அவருடைய உரிமை நிறுவனமே நிறுத்தியது. அவற்றில் ஒன்று, 1950-இல் வந்த 'இஃப் ஐ ரேன் தி ஜூ'. அந்தப் பெயரிலேயே சூஸ் லேண்டிங்கில் ஒரு விளையாட்டுத் திடல் அமைத்திருந்தார்கள். புத்தகம் என்றால் அடுத்த பதிப்பு போடாமல் இருந்துவிடலாம். திடலை எந்த அலமாரியில் ஒளித்துவைப்பது?

இனி, அந்தத் தீவிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பெரிய சவாரி ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பொருட்காட்சியில் விமானம் விமானமாகச் சுற்றுமே, அதே ராட்டினம்தான். விமானத்துக்குப் பதில் மீன். 'ஒன் ஃபிஷ் டூ ஃபிஷ் ரெட் ஃபிஷ் ப்ளூ ஃபிஷ்' புத்தகத்தின் பெயரில் சுற்றுகிறது. மீனை ஏற்றி இறக்கும் கைப்பிடி, உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள். ஒலிபெருக்கியில் எதுகையோடு ஒரு பாட்டு ஓடுகிறது: இன்ன நிற மீன் மேலே போ, இன்ன நிற மீன் கீழே வா. கவனித்துக் கேட்டு அதன்படி செய்தால் நனையாமல் தப்பிக்கலாம்.

கவனித்தீர்களா? இங்கே சொல்லைக் கேட்டால்தான் ஆட்டம் ஆட முடியும். ஐம்பது சொல்லில் பிள்ளைகளைப் படிக்கவைத்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இருக்க முடியாது. சோபாவும் ரயிலும் பறித்துக்கொண்ட உரிமையில் ஒரு துளியை இந்த மீன் திருப்பிக் கொடுக்கிறது.

வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்தார்களோ இல்லையோ, இதில் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. ஃப்ளோரிடா வெயில் நம் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததில்லை. அந்த வெயிலில் தண்ணீர் எப்படித் தண்டனையாகும்? பாட்டு மேலே போகச் சொல்லும்போது வேண்டுமென்றே கீழே இறங்கி, தொப்பலாக நனைந்து சிரிக்கப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா வெளியே போன நேரத்தில் வீட்டைத் தலைகீழாக்கிய பூனையைப் படைத்தவர் பார்த்திருந்தால், நனைந்த பிள்ளையின் பக்கம்தான் நின்றிருப்பார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: நெதர்லாந்தின் எஃப்டெலிங். குப்பைத்தொட்டி வாய் திறந்து காகிதம் கேட்கும் காடு.