ஊர் பேர் தெரியாத கிட்டார்: வயதை அறிவது எப்படி?

பழைய அமெரிக்க எலெக்ட்ரிக் கிட்டாரின் தலையில் உள்ள பெயரை அப்படியே நம்பிவிட முடியாது. ஏன்? சியர்ஸ் நிறுவனம் ‘சில்வர்டோன்’ என்ற பெயரில் விற்றவற்றை ஹார்மனி, கே, டேன்எலக்ட்ரோ எனப் பல தொழிற்சாலைகள் செய்துகொடுத்தன.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கு அடியில், உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அதன் உலோக உறையில் ஓர் எண் இருக்கும். 1376633 என்றால், 137 சி.டி.எஸ். நிறுவனத்தின் குறியீடு, 66 என்பது 1966, 33 அந்த ஆண்டின் 33ஆவது வாரம். 304 என்று தொடங்கினால் அது ஸ்டாக்போல் தயாரிப்பு.

ஆனால் இது உதிரிபாகத்தின் வயதுதான். கிட்டார் அதற்குப் பிறகு செய்யப்பட்டிருக்கும். பாகம் பழுதாகி மாற்றப்பட்டிருந்தால் கணக்கே தப்பிவிடும். எனவே ஈயப் பற்றவைப்பு பழையதுதானா, மற்றப் பாகங்களின் எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.