படுத்த படுக்கையாக இருப்பவரைப் பாருங்கள்

கோவையில் வடவள்ளி, துடியலூர் பக்கம் போனால் முதியோர் குடியிருப்புகளின் விளம்பரப் பலகைகளைப் பார்க்கலாம். புல்வெளி, பிள்ளையார் கோயில், நடைபாதை, கைகோத்து நடக்கும் வயதான தம்பதி. நடமாட்டம் உள்ளவர்களுக்கு அவற்றில் பல நல்ல இடங்கள்தான். ஆனால் என்னைத் தேடி வருகிறவர்களின் கவலை வேறு. “ஏனுங்க சிஸ்டர், அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சுங்க. வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போறமுங்க. நல்ல ஹோமா ஒண்ணு சொல்லுங்க” என்பார்கள்.

நான் நர்ஸ். அரசு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதன்பிறகு, எழுந்து நடக்க முடியாத முதியவர்களைப் பராமரிக்கும் ஓர் இல்லத்திலும் இருந்தேன். யார் கேட்டாலும் நான் இல்லத்தின் பெயரைச் சொல்வதில்லை. போன மாதம் நன்றாக இருந்த இடம், இரண்டு நல்ல ஊழியர்கள் விலகிப் போனால் இந்த மாதம் அப்படி இருக்காது. அதனால் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் சொல்லித் தருகிறேன்.

இது நிறைய குடும்பங்களுக்குத் தேவைப்படப்போகும் விஷயம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2031-ல் அது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசின் கணிப்பு. ஆயுள் கூடியிருக்கிறது, பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள், வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை. பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பதைப் பாவம் என்று சொல்லி யாரையும் நான் குத்திக்காட்ட மாட்டேன். பார்க்காமல் சேர்ப்பதுதான் தவறு.

அமெரிக்காவில் இத்தகைய இல்லங்களுக்கென்று 1987-ல் கடுமையான சட்டம் வந்தது. 2008 முதல் அங்கே ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திர மதிப்பீடு உண்டு. அரசு ஆய்வாளர்கள் கண்ட குறைகளை வீட்டிலிருந்தபடியே யாரும் படித்துவிடலாம். நம்மிடம் அப்படி ஊரறிய வெளியிடும் மதிப்பீடு கிடையாது. ஆகவே இங்கே குடும்பமே ஆய்வாளராக வேண்டியிருக்கிறது.

அந்த ஆய்வுக்கு என்னிடம் ஒரே ஒரு விதிதான் உண்டு. நடமாடுகிறவர்களைக் காட்டித்தான் எந்த இல்லமும் தன்னை விளம்பரம் செய்யும். நீங்கள் படுத்த படுக்கையாக, வாய் பேச முடியாமல் இருப்பவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து முடிவெடுங்கள். தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவருக்கு எங்கேயும் தண்ணீர் கிடைக்கும். கேட்க முடியாதவருக்குக் கிடைக்கிறதா என்பதில்தான் இல்லத்தின் தரம் தெரியும்.

உடம்பு சொல்லும் கணக்கு

முதலில் படுக்கைப் புண். ஒரே பக்கமாகப் படுத்திருப்பவருக்கு முதுகின் அடிப்பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். புத்தகங்கள் முதல் அறிகுறியாகச் சிவப்பைச் சொல்லும். நம் நிறத்துத் தோலில் அது எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கும். அந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்தால் புண் ஆகாமல் தடுத்துவிடலாம். ஏர் பெட் வாங்கிப் போட்டாயிற்று என்று சிலர் இருந்துவிடுவார்கள். ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதுதான் பொதுவான வழக்கம்.

இன்னொருவரின் போர்வையை விலக்கிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை; அவர்களுக்கும் மானம் உண்டு. “திருப்பிப் படுக்க வைக்கிற சார்ட் வெச்சிருக்கீங்களா? பேரை மறைச்சுட்டுக் காட்டுங்க, சிஸ்டர்” என்று கேளுங்கள். “இப்போ எத்தனை பேருக்கு பெட்சோர் இருக்கு? அதுல எத்தனை இங்கே வந்தப்புறம் வந்தது?” என்றும் கேளுங்கள். மருத்துவமனையிலிருந்தே புண்ணோடு வருகிறவர்கள் உண்டு. அதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த இல்லம் கணக்கு வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது எடை. மாதம் ஒருமுறை எல்லோரையும் எடை பார்க்கிறார்களா? 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 57 ஆனால் அது ஐந்து சதவீதம். முதியவருக்கு அது சின்ன விஷயமே இல்லை. பல்செட் தொலைந்து மெல்ல முடியாமல் போயிருக்கலாம், விழுங்கும்போது புரை ஏறலாம், மனம் ஒடிந்திருக்கலாம், ஊட்டிவிட ஆள் இல்லாமலும் இருக்கலாம். எடை குறைந்தால் யாருக்குச் சொல்வார்கள், என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் போய் நில்லுங்கள். ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டு திணிக்கிறாரா? சாப்பிடுகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரா? படுத்த நிலையில் ஊட்டினால் சோறும் கஞ்சியும் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மூக்கில் ட்யூப் போட்டவருக்கும் ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். ஊற்றி முடித்தவுடன் கட்டிலைத் தாழ்த்தக் கூடாது. யூரின் பேக் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் கிடக்கக் கூடாது. இவை எதற்கும் பணம் செலவில்லை. கற்றுக்கொடுக்க ஒருவரும் கண்காணிக்க ஒருவரும் இருந்தால் போதும்.

மூக்குக் கண்ணாடி, பல்செட், காதுக் கருவி மூன்றையும் கவனியுங்கள். அவற்றில் பெயர் எழுதி, அவரவர் மேசையில் வைத்திருக்கிறார்களா? காதுக் கருவியில் பேட்டரி இருக்கிறதா? விரல் இடுக்குகளைச் சொறிந்துகொண்டு பலர் உட்கார்ந்திருந்தால் அங்கே சொறித்தொற்று பரவுகிறதோ என்று விசாரியுங்கள்.

மூக்கையும் நம்புங்கள். ஓர் அறையில் சிறுநீர் வாடை அடித்தால் யாருக்கோ இப்போதுதான் துணி நனைந்திருக்கலாம். அது இயல்பு. கட்டிடம் முழுக்க அடித்தாலோ, பினாயிலையும் வாசனை ஸ்பிரேயையும் மீறி அடித்தாலோ, மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றுவதில்லை.

ராத்திரி டூட்டியில் யார்?

“எத்தனை ஸ்டாஃப் இருக்காங்க?” என்று கேட்டால் சமையல்காரர், தோட்டக்காரர் வரை சேர்த்துச் சொல்வார்கள். “நேத்து ராத்திரி டூட்டியில யார் யார் இருந்தாங்க?” என்று கேளுங்கள். டூட்டிப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மாடியில் 30 பேர். அவர்களில் 10 பேர் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 9, 11, 1, 3, 5 மணி என ஐந்து முறை திருப்ப வேண்டும். மொத்தம் 50 தடவை. டயப்பர் பார்த்து, மாற்றி, திருப்பிப் படுக்க வைக்க ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால்கூட 250 நிமிடம், நாலு மணி நேரத்துக்கு மேல். திருப்ப இரண்டு பேர் வேண்டும். இதற்கு நடுவில்தான் மற்ற 20 பேரில் ஒருவர் பாத்ரூமுக்கு எழுவார், ஒருவருக்குச் சர்க்கரை இறங்கும், ஒருவர் மூச்சுத் திணறுவார். அந்த மாடிக்கு ஓர் ஆயாம்மா மட்டும் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முடியாது. சார்ட்டில் மட்டும்தான் திருப்பியிருப்பார்கள்.

உடுப்புப் போட்ட எல்லோரும் நர்ஸ் இல்லை. நர்சிங் படித்தவர் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். பதிவு எண் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். அட்டெண்டர்கள் இல்லாமல் எந்த இல்லமும் நடக்காது, அவர்கள் கையில்தான் முதியவரின் முழு நாளும் இருக்கிறது. ஆனால் இன்சுலின் போடுவதும், புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்வதும், ட்யூப் மாற்றுவதும் படித்தவரின் வேலை. அந்த அட்டெண்டர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, வார விடுப்பு உண்டா, எத்தனை மாதமாக இங்கே இருக்கிறார்கள் என்பதும் உங்கள் அம்மாவைப் பாதிக்கும். இரண்டு டூட்டி சேர்த்துப் பார்த்துக் களைத்த கைதான் முதலில் முரட்டுத்தனமாக மாறும்.

மாத்திரையும் கட்டும்

ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய மாத்திரைப் பெட்டி இருக்க வேண்டும். மாத்திரையைக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் சார்ட்டில் கையெழுத்து விழ வேண்டும். காலை 11 மணிக்குப் போகும்போதே ராத்திரிக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். அந்தச் சார்ட்டில் வேறெதையும் நம்ப முடியாது.

பகல் 11 மணிக்குக் கூடம் முழுக்கத் தலை தொங்கி உறங்குகிறதா என்றும் பாருங்கள். ஞாபக மறதி நோய் உள்ளவர்கள் ராத்திரியில் எழுந்து நடப்பார்கள், கூப்பிடுவார்கள். ஆள் பற்றாத இடத்தில் தூக்க மாத்திரை ஆளின் வேலையைச் செய்கிறது. அந்த மயக்கத்தில்தான் முதியவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள்.

“இங்கே யாராவது விழுந்திருக்காங்களா?” என்று கேளுங்கள். “ஒருத்தரும் விழுந்ததே இல்லீங்க” என்ற பதிலைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். முதியவர்கள் இருக்கும் இடத்தில் விழுவது நடக்கும். “போன மாசம் ஒரு தாத்தா பாத்ரூம்ல விழுந்தாருங்க. அதுக்கப்புறம் கைப்பிடிக் கம்பி போட்டோம், ராத்திரி லைட் வெச்சோம்” என்கிற இல்லம்தான் பாதுகாப்பானது.

கட்டிலோடும் நாற்காலியோடும் துணியால் கட்டி வைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. “விழாம இருக்கத்தான்” என்பார்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மாண்டவர்களோடு சேர்த்து 28 பேர் அங்கே இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருக்கிறது. ஒரு முதியவரைக் கட்டியிருப்பதைக் கண்டால் எனக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். தாழ்வான கட்டில், பக்கத்தில் மெத்தை, நடந்து திரிய ஒரு பத்திரமான வராந்தா, கூட ஓர் ஆள் என்று கட்டாமல் காக்க வழிகள் உண்டு.

அதனால் தீயைப் பற்றியும் கேட்டே ஆக வேண்டும். நடக்க முடியாதவர்களை எந்த மாடியில் வைத்திருக்கிறார்கள்? கரண்ட் போய் லிஃப்ட் நின்றால் எப்படி இறக்குவார்கள்? ராத்திரி பின்வாசல் பூட்டின் சாவி யாரிடம்? ஆக்சிஜன் சிலிண்டரும் சமையல் காஸும் எங்கே இருக்கின்றன? கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தார்கள்? இதற்கெல்லாம் மேனேஜரிடம் மட்டுமல்ல, ராத்திரி டூட்டி ஆயாம்மாவிடமும் பதில் இருக்க வேண்டும்.

காகிதங்கள்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2009-ல் வந்தன. இல்லங்கள் மாவட்டச் சமூக நல அலுவலகம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவச் சிகிச்சையும் தருவதாகச் சொல்லும் இடமானால் 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவும் கேளுங்கள். சான்றிதழில் தேதி முடிந்துவிடவில்லையே என்று பாருங்கள்.

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். முன்பணம் எப்போது திரும்பும்? டயப்பர், பிசியோதெரபி, தனி அட்டெண்டர் மாதக் கட்டணத்தில் அடங்குமா? ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் எந்த மருத்துவமனை, ஆம்புலன்ஸில் கூடப் போவது யார், உங்களுக்கு எப்போது போன் வரும்? இல்லத்தில் சேரப்போகிறவருக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரும் கூட வந்து பார்த்து, அவர் சம்மதத்தோடு முடிவெடுப்பதுதான் முறை.

சேர்த்த பிறகு

முதல் மாதம் அடிக்கடி போங்கள். சொல்லாமல் போங்கள். காலை குளியல் நேரத்தில் ஒருநாள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள். பார்வையாளர் நேரம் தவிர உள்ளே விடவே மாட்டோம் என்றால் காரணம் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ காலை மட்டும் நம்பாதீர்கள், உள்ளூரில் உறவினரோ நண்பரோ ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு லேசாக இடித்தாலும் கன்றிப் போகும். அதனால் காயத்தைக் கண்டவுடன் சண்டைக்குப் போகாமல், எப்போது, எப்படி என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார்களா பாருங்கள். எழுதாத காயம், ஆளுக்கு ஒரு விளக்கம், ஒருவரைக் கண்டு மட்டும் அம்மா ஒடுங்குவது என்றால் அன்றைக்கே பேசுங்கள். இல்லத்தில் தீரவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

அரசிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இல்லங்களை ஆய்வு செய்யும்போது கண்ட குறைகளை ஊர் பார்க்க வெளியிடுங்கள். ஆளுக்கு ஆள் விசாரித்து அலையும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. நல்லபடியாக நடத்துகிறவர்களுக்கும் அதுதான் நியாயம்.

அது வரும்வரை, உங்கள் அம்மாவைப் பார்க்கப் போகும்போது பக்கத்துக் கட்டிலையும் பாருங்கள். அங்கே இருப்பவரைத் தேடி ஒருவரும் வராமல் இருக்கலாம். “இந்தப் பாட்டி தண்ணி குடிச்சாங்களா, சிஸ்டர்?” என்று ஒரு வார்த்தை கேட்டால், மறுநாளிலிருந்து அந்தக் கட்டிலையும் ஊழியர்கள் கவனித்துப் பார்ப்பார்கள். வார்டில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கேட்பதற்கு ஆள் உண்டு என்று தெரிந்த இடத்தில் எல்லோருக்குமே பராமரிப்பு மேம்படும், உங்கள் அம்மாவுக்கும் சேர்த்து.