தீவுகளில் நீளும் பகல்

மார்கழி கழிந்து தை பிறந்தால் பகல் நீளும் என்பது யாவரும் அறிந்ததே. இதனை மாணவர்க்கு விளக்கும்போது, சூரியன் நாள்தோறும் சற்று முன்னதாக உதித்துச் சற்றுப் பின்னதாக மறைகிறது என்று கூறுவது வழக்கம். அந்தமான் தீவில் வாழும் மாணவன் ஒருவன் கடிகாரத்தைக் கொண்டு இக்கூற்றைச் சோதிப்பானாயின், ஜனவரித் திங்களின் பெரும்பகுதியில் அதன் முற்பாதி பொய்ப்பதைக் காண்பான்.

2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேர், ஏறத்தாழ 11⅔ பாகை வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் 21-ஐ ஒட்டி அங்குச் சூரியன் காலை 5.34 மணியளவில் உதித்து, மாலை 5 மணியளவில் மறைகிறது. பகல் 11 மணி 26 நிமிடம். ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல் இதுவே. ஜனவரி 25-ஐ ஒட்டி உதயம் 5.44; அஸ்தமனம் 5.19. அதாவது, மாலை 19 நிமிடம் பின்சென்றிருக்க, காலையும் 10 நிமிடம் பின்சென்றிருக்கிறது. பகல் உண்மையில் நீண்டது 9 நிமிடமே. மாலையை மட்டும் நோக்குபவர் வளர்ச்சியை மிகுத்து மதிப்பர். காலையை மட்டும் நோக்குபவர் பகல் இன்னும் குறுகுவதாகவே எண்ணுவர்.

இதற்குக் காரணம் யாது? பூமியின் அச்சு சாய்ந்துள்ளது. அதன் பாதையும் முழுவட்டமன்று. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அண்மையில் விரைந்து செல்கிறது. இவ்விரு காரணங்களாலும், டிசம்பர் இறுதியில் ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வரையுள்ள காலம் 24 மணியைவிட அரை நிமிடம் அளவு மிகுகிறது. ஆகவே உதயம், உச்சி, அஸ்தமனம் மூன்றும் ஒருங்கே பின்தள்ளப்படுகின்றன. அட்சம் மிகுந்த நாடுகளில் பகல் விரைவாக நீள்வதால் இவ்விளைவு பெரிதும் மறைந்துவிடும். ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் உள்ள வேறுபாடு தில்லியில் மூன்றரை மணிக்கு மேற்பட்டது. போர்ட் பிளேரில் 1 மணி 22 நிமிடம். தெற்கே இந்திரா முனையில் முக்கால் மணியளவே. வேறுபாடு சிறிதாகச் சிறிதாக, உச்சிப்பொழுதின் நகர்வு மேலோங்கித் தெரிகிறது.

இச்சிறு வேறுபாட்டைப் புறக்கணித்துவிடலாம் என எண்ணுதல் தவறு. அந்தமான் உழவர் நெடுங்காலமாகப் பயிரிட்டுவரும் சி14-8 என்னும் நெல் பகலின் நீளத்தை உணரும் இயல்புடையது. பகல் குறுகும் பருவத்திலேயே அது பூக்கும். இத்தகைய நெல்லை முன்பின்னாக விதைத்தாலும் பூக்கும் காலம் அதே அளவுக்கு மாறிவிடுவதில்லை. விதைப்புக்குக் காலம் கூறும் களப்பணியாளர், பகலின் நீளத்தை அஸ்தமன நேரத்தைக்கொண்டு மட்டும் மதிப்பாராயின் பிழை நேரும். ஏனெனில் அங்கு மாலை நவம்பர் 20-ஐ ஒட்டியே, 4.51 மணி என்னும் எல்லையைத் தொட்டுத் திரும்பிவிடுகிறது. பகலோ அதன்பின் ஒரு திங்கள் குறுகிக்கொண்டே செல்கிறது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை தீவுகளில் மழை குறைந்து வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை உதயம், அஸ்தமனம் இரண்டையும் மாணவர் குறித்து வரலாம். குன்றோ மரமோ தொடுவானத்தை மறைக்குமிடத்து, நோக்கும் இடத்தை மாற்றாதிருத்தல் இன்றியமையாதது. பள்ளி முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் மிகக் குறுகும் நேரத்தையும் குறிக்கலாம். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்குரியது. போர்ட் பிளேர் அதற்கு மிகக் கிழக்கே உள்ளது. எனவே பிப்ரவரி நடுவில் உச்சிப்பொழுது 11.33-க்கே நிகழும். ஏப்ரல் 20-ஐ ஒட்டி, முற்பகல் 11.18 மணியளவில் சூரியன் தலைக்கு நேரே நிற்க, கோலின் நிழல் மறைந்துவிடும். பாடநூல் கூறும் பன்னிரண்டு மணி, மாணவர் கண்ட நேரத்தோடு பொருந்தாதபோது, ஆசிரியர் அவர்தம் குறிப்பேட்டைத் திருத்தாது, அவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்குவாராக.