நீரிழிவுச் சிறப்பு வைத்தியமும் இலங்கைத்துறையும்

மனிதரைப் பற்றும் நோய்களுட் சில, வந்து சின்னாள் தங்கி நீங்குவன. சில, உயிரைக் கொண்டே நீங்குவன. வேறு சில, வந்தபின் வாழ்நாள் முழுவதும் உடனுறைவன. நீரிழிவு மூன்றாம் வகையைச் சார்ந்தது. நீர் மிகுதியாக இழிதலின் இப்பெயர் பெற்றது. ஈழத்துப் பேச்சு வழக்கிற் சலரோகம் என்றும், சீனி வருத்தம் என்றும் இது வழங்கும். வடமொழி மருத்துவ நூலார் இதனை மதுமேகம் என்றனர். தேன்போல் இனிக்கும் சிறுநீரை எறும்பு மொய்த்தல் கண்டு நோயை உணர்ந்த செய்தியும் அம்மரபில் உண்டு. எனினும், நோயின் குறியை அறிந்த அளவிற்கு அதனோடு வாழும் வழி பன்னூறு ஆண்டுகளாக அறியப்படவில்லை.

உண்ட உணவு குளுக்கோசாகிக் குருதியிற் கலக்கின்றது. அது தசைகளுக்கும் ஏனைய உறுப்புக்களுக்கும் பயன்படுவதற்கு இன்சுலின் என்னும் சுரப்பு வேண்டும். இரைப்பையின் பின்னால் அமைந்துள்ள சதையி அதனைச் சுரக்கின்றது. அச்சுரப்பு முற்றாக அற்றுப்போதல் முதல்வகை நீரிழிவு; இது பெரும்பாலும் சிறுவரையும் இளைஞரையும் பற்றும். சுரப்புக் குறைதலும், சுரந்தது உடலிற் செவ்வனே தொழிற்படாமையும் சேர்ந்து உண்டாவது இரண்டாம் வகை. நீரிழிவுடையாருட் பெரும்பாலார் இவ்வகையினரே. இரு வகையிலும் குருதியிற் சர்க்கரை பல்லாண்டு மிகுந்திருப்பின் கண்ணின் விழித்திரையும், சிறுநீரகமும், நரம்புகளும், இருதயமும், கால்களுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகளும் சிறிது சிறிதாகக் கேடுறும். இக்கேடு தொடக்கத்தில் நோவு தருவதில்லை. நீரிழிவின் கொடுமை அதன் மௌனத்திலேயே தங்கியுள்ளது.

1921ஆம் ஆண்டிற் கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திற் பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவர், மக்லியொட் என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். கொலிப் என்பார் அதனைத் தூய்மை செய்தார். 1922 சனவரி 11ஆம் நாள் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது. அது போதிய பயன் அளிக்கவில்லை. கொலிப் தூய்மை செய்த மருந்து பன்னிரண்டு நாட்களின் பின் ஏற்றப்பட்டபோதே சிறுவன் தேறினான். மரணத்தின் வாயிலில் நின்ற அவன், அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தோர் தம் உரிமையை ஆளுக்கு ஒரு டொலர் விலைக்குப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினர்.

இன்சுலின் நோயைத் தீர்க்கவில்லை. கொல்லும் நோயை நெடுநாள் நோயாக மாற்றியது. இம்மாற்றமே ஒரு புதிய வினாவை எழுப்பிற்று. காய்ச்சல் கண்டவர் வைத்தியசாலையிற் சில நாள் கிடந்து, குணமாகி, வீடு திரும்புவார். நீரிழிவுடையாரோ ஆண்டு முழுவதும் தம் வீட்டில், தம் தொழிலிடத்தில், தம் அடுக்களையில் நோயோடு வாழ்பவர். அவர் வைத்தியர் முன் அமர்ந்திருப்பது மாதத்திற் சில நிமிடம். எஞ்சிய காலமெல்லாம் தமக்குத் தாமே வைத்தியர். அத்தகையாருக்கு வைத்தியசாலை செய்யவேண்டுவது யாது?

இதற்கு முதலில் விடை கண்டோருள் ஒருவர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து வைத்தியர் எலியற் ஜொஸ்லின். 1898ஆம் ஆண்டிற் தொழில் தொடங்கிய அவர், நோயாளருக்குக் கற்பித்தலையே வைத்தியத்தின் நடுநாயகமாகக் கொண்டார். 1918இல் வைத்தியருக்கும் நோயாளருக்கும் பொதுவானதொரு கைந்நூலை வெளியிட்டார். தாதியரைப் பயிற்றி நோயாளர் இல்லங்களுக்கு அனுப்பினார். மற்றொருவர் இலண்டன் மாநகரத்து றொபின் லோறன்ஸ். அவரே நீரிழிவுடையவர், இத்தாலியிற் சாவை எதிர்நோக்கியிருந்த நிலையில், 1923இல் இலண்டன் திரும்பி இன்சுலினாற் பிழைத்தார். பின்னர் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் நீரிழிவுக்கெனச் சிறப்புப் பிரிவை வளர்த்தார். 1934இல் அவரும், அவரிடம் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்சும் சேர்ந்து நீரிழிவாளர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். நோயாளர் ஒருவருக்கொருவர் துணைநிற்றலும் வைத்தியத்தின் ஓர் உறுப்பு என்பதை அச்சங்கம் நிலைநாட்டிற்று.

தமிழர் வாழும் நிலத்தில் இந்நெறியை வேரூன்றச் செய்தவர் சென்னைப் பேராசிரியர் மு. விசுவநாதன். 1948ஆம் ஆண்டிற் சென்னை ஸ்ரான்லி வைத்தியசாலையில் நீரிழிவுக்கென ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவை அவர் தொடங்கினார். இந்தியாவில் இத்துறையின் தந்தை என அவர் போற்றப்படுகின்றார். 1954இல் இராயபுரத்தில் அவர் நிறுவிய வைத்தியசாலை, பின்னாளில் நீரிழிவுக்கே உரிய பெருநிலையமாக வளர்ந்தது. இராயபுரம் சென்னைத் துறைமுகத்தை அடுத்த பகுதி. மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் மிகுதியாக வாழும் இடம். மேனாட்டு நூல்கள் மாப்பொருளைக் குறைத்துக் கொழுப்பை மிகுத்து உண்ணச் சொன்ன காலத்தில், சோறும் தானியமும் உண்டு வாழும் மக்களுக்கு அவ்வறிவுரை பொருந்தாமையை விசுவநாதன் உணர்ந்தார். நார்ப்பொருள் மிகுந்த தானியமும் பருப்பும் காய்கறியும் அளவறிந்து உண்ணும் முறையை அவர் வகுத்தார். நோயாளரைத் தம் நூலுக்கு இசைவிக்காது, நூலை நோயாளரின் உணவுத் தட்டுக்கு இசைவித்தமையே அவர்தம் சிறப்பு.

இனி, இத்தகைய நிலையம் பொது வைத்தியசாலையினும் மிகுதியாகச் செய்வது யாதெனின், நோவு தோன்றுமுன்னரே கேட்டைத் தேடுதலாம். மூன்று முதல் ஆறு மாதத்திற்கொருமுறை, சென்ற இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் குருதிச் சோதனை செய்யப்படுகின்றது. ஆண்டுதோறும் விழித்திரை நோக்கப்படுகின்றது, சிறுநீரிற் கசியும் அல்புமின் அளக்கப்படுகின்றது, குருதியமுக்கம் பேணப்படுகின்றது. பத்துக் கிராம் விசையில் வளையும் மெல்லிய நைலோன் இழை ஒன்றைப் பாதத்தில் ஊன்றி, உணர்ச்சி குன்றியுள்ளதா எனத் தேரப்படுகின்றது. இம்முயற்சி வீணன்று என்பதற்கு இரண்டு பேராய்வுகள் சான்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல்வகை நீரிழிவுடையார் 1,441 பேரைக் கொண்டு நடைபெற்று 1993இல் வெளியான ஆய்வு, சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோரில் விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் இடர் 76 சதவீதம் குறைந்ததெனக் காட்டிற்று. பிரித்தானியாவில் இரண்டாம் வகையினர் 5,102 பேரைச் சேர்த்து நடைபெற்று 1998இல் வெளியான ஆய்வு, கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்க் கேடுகள் 25 சதவீதம் குறைந்தமையை நிறுவிற்று.

இவை அனைத்தினும் எளியதும், அனைத்தினும் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் பாதம் பேணலே. நரம்பு உணர்விழந்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. சுடுமணல் சுட்டாலும் தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் சீழ்கொண்டு, குருதியோட்டம் குன்றியவிடத்து அழுகலாகி, ஈற்றிற் காலைக் களையவேண்டிய நிலை வரும். 1934ஆம் ஆண்டிலேயே ஜொஸ்லின் இவ்வழுகலைப் பற்றி எழுதி, இது தடுக்கத்தக்கதென வற்புறுத்தினார். வெறுங்காலோடு வழிபடுதல் மரபாகிய நம் நாட்டில் இதன் பொருள் இன்னும் ஆழமானது. ஆடி மாதத்துக் கதிர்காமத் திருவிழாவை நோக்கி வடக்கிலிருந்து கால்நடையாகச் செல்லும் அடியார், திருகோணமலையையும் வெருகலையும் கடந்தே தெற்கு நோக்குகின்றனர். அவருள் நீரிழிவுடையார் உச்சி வெயிலிற் சூடேறிய தார்வீதியில் நடக்கையில், தம் பாதம் வெந்ததை அன்றிரவு கால் கழுவும்போதே காண்பர். பக்தியைத் தடுத்தல் வைத்தியத்தின் வேலையன்று. காலையிலும் மாலையிலும் நடந்து, பகலில் ஆறி, தடித்த காலுறையேனும் அணிந்து, நாடோறும் பாதத்தை நோக்கும் பழக்கத்தைக் கற்பித்தலே அதன் வேலை.

இலங்கையின் நிலையை நோக்குவோம். 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற நாடளாவிய ஆய்வொன்று, இருபது வயதும் அதற்கு மேலும் உடையோருள் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. நகர்ப்புறத்தில் அது 16.4 சதவீதம், கிராமப்புறத்தில் 8.7 சதவீதம். நோயுடையாருள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர், சோதிக்கப்படும்வரை தம் நோயை அறியாதவர். நாடளாவியதெனினும், போர் காரணமாக வடக்கு மாகாணமும் கிழக்கு மாகாணமும் அவ்வாய்வினுள் அடங்கவில்லை. ஏழு மாகாணங்களின் நீரிழிவு எண்ணப்பட்ட காலத்தில், திருகோணமலை மாவட்டத்தின் நீரிழிவு எண்ணப்படாது கிடந்தது.

அவ்வாறு எண்ணப்படாத ஊர்களுள் ஒன்று இலங்கைத்துறை. கொட்டியாரக் குடாவின் வடபாலிற் திருகோணமலைப் பட்டினமும் அதன் பொது வைத்தியசாலையும் உள்ளன. குடாவின் தென்பாலில் மூதூர். அதற்கும் அப்பால், ஈச்சிலம்பற்றுப் பிரிவிற் கடலோரத்தில், உல்லைக்கழி கடலொடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்தது இலங்கைத்துறை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. 2006இல் மூண்ட போரில் மூதூர் கிழக்கும் ஈச்சிலம்பற்றும் சார்ந்த மக்கள் இடம்பெயர்ந்தனர். பட்டினத்திலிருந்து தெற்கே தரைவழிச் செல்வோர், கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009இற் திறக்கப்படும்வரை படகுத்துறையிற் காத்திருக்கவேண்டியிருந்தது. பாலம் வந்தபின் வழி குறுகிற்று; ஆயினும் வழி குறுகியது கொண்டு சிகிச்சை அணுகிவிட்டது எனக் கொள்ளல் இயலாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளும் மருந்தும் ஒருங்கே அருகியபோது, பாலம் இருந்தும் பயணம் அரிதாயிற்று.

இலங்கையில் அரச வைத்தியசாலைகளின் சிகிச்சையும் இன்சுலினும் இலவசம். இது பெரும் பேறு. 2011ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நிறுவப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில், நோய்க்குறி அற்றோருக்கும் குருதிச் சர்க்கரையும் அமுக்கமும் சோதிக்கப்படுகின்றன. ஆனால், கூலிக்குச் செல்பவருக்கும் வலைவீசுபவருக்கும் இலவச மருந்து உண்மையில் இலவசமன்று. ஒரு நாட் கூலியும் பயணச் செலவுமே அதன் விலை. அவ்விலையைக் கொடுக்க இயலாத மாதத்திற் சிகிச்சை தவறுகின்றது. தவறிய மாதங்கள் சேர்ந்து ஆண்டாகின்றன. ஆண்டின் முடிவில் அவர் வரும்பொழுது புண்ணோடு வருகின்றார். சிறப்பு வைத்தியர் எத்துணை வல்லுநராயினும், பிந்தி வந்த காலைக் காத்தல் அரிது.

ஆகலின் இலங்கைத்துறை போன்ற ஊர்களுக்கு வேண்டுவது மற்றொரு மாளிகையன்று. சிறப்பு நிலையத்தின் அறிவு ஊரளவும் சென்று சேர்தலே. அவ்வறிவிற் பெரும்பகுதி எளியது. திறவாத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பத்தில் இருத்தல் வேண்டும், உறைந்துபோனது பயன்படாது, திறந்தது பெரும்பாலும் நான்கு வாரம் நிழலிற் பயன்படும். குளிரூட்டி இல்லாத வீட்டில், பெரிய மட்பானையுட் சிறிய பானை வைத்து, இடையிலுள்ள மணலை நனைத்து, அதனுள் மருந்தைப் பேணலாம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்தலின் உட்பானை குளிர்ந்திருக்கும். ஊசி ஏற்றியபின் உண்ணாது வள்ளத்திற் சென்றவருக்கு வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் தோன்றின், அது சர்க்கரை தாழ்ந்ததன் குறி. உடனே மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்து அருந்தி, பதினைந்து நிமிடத்தில் தேறாவிடின் மீண்டும் அருந்தவேண்டும். மயங்கியவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அவரை விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். கந்தசட்டி முதலிய விரதம் நோற்போர், மருந்தின் அளவை வைத்தியரிடம் முன்னரே கேட்டு மாற்றிக்கொள்ளல் வேண்டும். சீனியை விடுத்துப் பனங்கட்டி உண்ணின் தீங்கில்லை என்பது தவறான நம்பிக்கை, பனங்கட்டியும் சர்க்கரையே.

இவற்றை மக்களின் தாய்மொழியிற் சொல்லுதல் இன்றியமையாதது. 1847இல் ஈழம் போந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். வைத்தியம் கற்போருக்கு அவர் செய்த தொண்டு, இன்று நோயுடையாருக்குச் செய்யப்படவேண்டும். மாதத்தில் ஒரு நாள் தாதியொருவர் ஊர்ப் பாடசாலைக்குச் சென்று பாதங்களைச் சோதித்தலும், முதியோர் சிலர் கூடித் தம்முட் பேசும் சிறு சங்கமும், லோறன்ஸ் கண்ட நெறியின் ஈழத்து வடிவமாதல் கூடும். கல்லூரிகளிற் பயிலும் மாணவர், நைலோன் இழையை ஊன்றிப் பார்க்கும் பயிற்சியை ஒரு பிற்பகலிற் பெறலாம். தம் வீட்டு முதியோரின் உள்ளங்காலை நாடோறும் நோக்குவதற்கு அப்பயிற்சியும் வேண்டியதில்லை. ஒரு விளக்கும் இரண்டு கண்களும் போதும்.

1989ஆம் ஆண்டில் இத்தாலியின் செயின்ற் வின்சென்ற் நகரிற் கூடிய ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள், நீரிழிவாற் கால் களையப்படுதலை ஐந்தாண்டிற் பாதியாகக் குறைத்தலை ஓர் இலக்காக அறிவித்தனர். வைத்தியசாலையின் பெருமையை அதன் கட்டில்களைக் கொண்டு அளவாது, மக்களிடம் எஞ்சிய கால்களைக் கொண்டு அளக்கும் அவ்வளவுகோல் எந்நாட்டிற்கும் பொருந்தும். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், வலை இழுக்கும் வயதில் ஒருவர் இரண்டு கால்களோடும் கரையில் நிற்பாராயின், சிறப்பு வைத்தியம் இலங்கைத்துறைக்கு வந்து சேர்ந்தது எனலாம்.