டோக்கியோவின் எவர்சில்வர் குழாய்

1945-இல், போரில் சிதைந்துபோன டோக்கியோவில் குழாய்க்குள் விட்ட குடிநீரில் சுமார் 80 சதவீதம் மண்ணுக்குள் போனது. 1955 வாக்கில் அது 20 சதவீதமாகக் குறைந்தது. இப்போது ஏறக்குறைய 3 சதவீதம்தான். நிலநடுக்கம் ஓயாத ஊர். புதைந்து கிடப்பதோ ஏறத்தாழ 27,000 கிலோமீட்டர் குழாய். குடிநீர்ப் பொறியியலில் இதைவிடப் பெரிய சாதனை எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

கசிவு என்றதும் சாலை பிளந்து பீறிடும் பெரிய குழாய்தான் நினைவுக்கு வரும். அது எல்லோர் கண்ணிலும் படும், உடனே அடைத்துவிடுவார்கள். பிரதான குழாயிலிருந்து வீட்டு மீட்டர் வரை போகும் சின்ன இணைப்புக் குழாய்தான் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் ஒழுகும். டோக்கியோவில் பழுது பார்க்கப்படும் கசிவுகளில் பெரும்பாலானவை இதில்தான். முன்பு அது ஈயக் குழாய். வளைக்க எளிது, ஆனால் வண்டிப் பாரத்துக்கும் மண் அசைவுக்கும் தாங்காது. 1980 முதல் எவர்சில்வர் போட்டார்கள். அப்போதும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் எல்போ (வளைவுத் துண்டு), அதன் இருபுறமும் மூட்டு. கசிவு தொடங்குவது மூட்டில்தானே? 1998-இல் இடையிடையே மடிப்பு வைத்த குழாய் வந்தது. மடிப்பு உள்ள இடத்தில் கையாலேயே வளைக்கலாம், எல்போ தேவையில்லை. நிலம் அசைந்தால் மடிப்பும் சேர்ந்து அசைந்து கொடுக்கும்.

அடுத்தது, கசிவைக் கண்டுபிடிக்கும் வசதியை வரைபடத்திலேயே வைப்பது. ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, எல்லைகளில் வால்வு வைக்கிறார்கள். நள்ளிரவில் வால்வுகளை மூடி, ஒரே வழியாகத் தண்ணீர் விட்டு அளக்கிறார்கள். யாரும் குழாய் திறக்காத நேரத்திலும் நீர் ஓடினால் அது கசிவு. பிறகு ஊழியர் ஒரு நீண்ட இரும்புக் கம்பியை மீட்டர்மேல் ஊன்றி, மறுமுனையில் காது வைத்துக் கேட்கிறார். நீர் பீறிடும் இரைச்சல் கம்பி வழியாக ஏறி வரும். வால்வு சரியான இடத்தில் இல்லாவிட்டால் இந்த இரவு அளவீடே நடக்காது.

அழுத்தமும் முக்கியம். இரவில் பயன்பாடு குறையக் குறைய அழுத்தம் ஏறும், கசிவும் கூடும். அதனால்தான் பல நகரங்களில் அழுத்தம் குறைக்கும் வால்வு வைக்கிறார்கள்.

நம் ஊர்களில் பல இடங்களில் சில மணி நேரமே தண்ணீர் வருவதால் இந்த இரவு அளவீட்டுக்கே வழியில்லை. காலியான குழாய்க்குள், நீர் கசியும் அதே விரிசல் வழியாகச் சாக்கடை நீர் புகலாம். ஆகவே 24 மணி நேர விநியோகத்தை ஆடம்பரம் என்று தள்ளக்கூடாது.

புது இணைப்பு எடுக்கிறீர்களா? மூட்டுகளைக் குறைக்கச் சொல்லுங்கள். பள்ளத்தை மூடுமுன் தண்ணீர் விட்டு ஒவ்வொரு மூட்டையும் தடவிப் பாருங்கள்.